சாப்பாட்டு மேசையில் துச்சாதன வதம்

(ராசிபுரத்தில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்கு முந்தைய அமர்வு இது. சுருக்கமாகப் பேசும்படி சொல்லியிருக்கிறார்கள். நான் பேச வந்ததும் சுருக்குவதைப் பற்றித்தான். 18 நாள் பாரதப் போரை ஒரு மணி நேரத்துக்குள் அடைக்கிறார்கள். நாமும் பெரிய காப்பியத்தின் ஒரு படலத்தை 40 நிமிடப் பாடவேளைக்குள் அடைக்கிறோம். அப்படி அடைக்கும்போது எது விடுபடுகிறது, எது தங்குகிறது, அதை முடிவு செய்வது யார்? விடுமுறையில் நான் பார்த்த ஒரு நிகழ்ச்சி இந்தக் கேள்விகளை எனக்குள் கிளப்பிவிட்டது.

சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கேரளத்துக்குப் போனோம். நான், என் மனைவி, ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த மகள், ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த மகன், 74 வயதாகும் என் அம்மா. காயலோரத்து விடுதி ஒன்றில் தங்கினோம். அங்கே இரவுச் சாப்பாட்டோடு கதகளியும் உண்டு. தனிக் கட்டணம். கேரளத்தின் சுற்றுலா விடுதிகள் பலவற்றில் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. கோயில் திருவிழாக்களில் முன்னிரவில் தொடங்கி விடியும்வரை நடக்கும் ஆட்டம், இங்கே சூப்புக்கும் ஐஸ்கிரீமுக்கும் இடையில் முடிந்துவிடும்.

நிகழ்ச்சிக்கு முன்பு ஒப்பனை செய்வதைப் பார்க்கவும் அனுமதித்தார்கள். என்னைக் கேட்டால், கொடுத்த காசுக்கு அதுவே போதும். தரையில் பாய் விரித்து நடிகர் மல்லாந்து படுத்திருக்கிறார். ஒப்பனைக்காரர் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, தாடையோரமாக வெள்ளை விளிம்பை ஒட்டிக்கொண்டிருக்கிறார். அதற்குச் 'சுட்டி' என்று பெயர். அந்தக் காலத்தில் அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்து வரைவார்களாம், இப்போது காகிதத்தில் வெட்டி ஒட்டுகிறார்கள். பச்சை முகம் என்றால் உயர்ந்த பாத்திரம். சிவப்புத் தாடி துச்சாதனன் போன்ற கொடியவர்களுக்கு, வெள்ளைத் தாடி அனுமனுக்கு. சுண்டைப்பூ என்று அவர்கள் சொல்லும் ஒரு சிறு விதைத் துணுக்கைக் கண்ணிமைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். சற்று நேரத்தில் கண் முழுக்கச் செவ்வரி ஓடுகிறது. என் மகன் அந்த நடிகரின் கண்ணையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றான். வகுப்பில் அவன் அப்படி நின்றதாக அவன் ஆசிரியர் யாரும் இதுவரை சொன்னதில்லை.

ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் ஒன்பது சுவைகளையும் முகத்தில் காட்டினார். 24 அடிப்படை முத்திரைகளில் சிலவற்றைச் செய்து பொருள் சொன்னார். தாமரை, வண்டு, மான், 'வா', 'போ'. மேசைக்கு மேசை குழந்தைகள் விரல்களை மடக்கிப் பார்த்தார்கள். கதகளியில் நடிகர் பேசுவதில்லை, பின்னால் இருவர் பாடுகிறார்கள். ஆகவே இந்த அகராதி கையில் இல்லாதவருக்கு ஆட்டம் வெறும் அலங்காரமாகிவிடும். பாடத்துக்கு முன் அருஞ்சொற்பொருள் சொல்லிக்கொடுப்பதைப் போலத்தான்.

அதன்பின் விளக்கேற்றினார்கள், செண்டை முழங்கியது, இருவர் திரை பிடித்தார்கள். அன்றைய கதை துரியோதன வதத்திலிருந்து ஒரு பகுதி. சூதாட்டம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. பாஞ்சாலியைத் துச்சாதனன் இழுத்து வந்தான், அவள் தலைமுடி அவிழ்ந்தது. வனவாசமும் போரும் அறிவிப்பாளரின் இரண்டு ஆங்கில வாக்கியங்களில் போயின. அடுத்து, ரௌத்திர வேடத்தில் பீமன்.

எங்கள் மேசையில் பரிமாறுபவர் வந்து, அம்மாவின் தட்டைக் காட்டி, "சாப்பாடு பிடிக்கலையா?" என்று கேட்டார். அப்போதுதான் நான் பார்த்தேன். அம்மா கை கழுவிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்திருந்தார்.

"அவ தலைய முடியட்டும் சாமி, அப்பறம் சாப்படறேன்."

"அப்பத்தா, இது ஷோ!" என்றாள் என் மகள்.

"எதா இருந்தா என்ன கண்ணு, பாஞ்சாலி பாஞ்சாலிதானே? அவ முடிய விரிச்சுப் போட்டு நிக்கறப்ப நமக்குச் சோறு எறங்குமா?"

அம்மா பிறந்தது ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமம். அங்கே திரௌபதியம்மன் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். கடைசி நாள் படுகளம். துரியோதனனை மண்ணால் பெரிதாகப் படுக்கவைத்து உருவம் செய்திருப்பார்கள். அம்மன் கூந்தல் முடிகிறவரை பெண்கள் விரதம் இருப்பார்கள். சிறுமியாக அம்மா அதையெல்லாம் பார்த்தவர். மலையாளத்தில் ஒரு சொல் தெரியாது. முத்திரை விளக்கத்தின்போது அவர் மின்விசிறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். ஆனாலும் முடி அவிழ்ந்த கணத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நிகழ்ச்சியில் வெட்டிவிட்ட அத்தனையும் அவருக்குள் இருந்தது.

என் மகனுக்கு அது இல்லை. பீமன் துச்சாதனனின் குடலை உருவுவதாகச் சிவப்புத் துணியை இழுத்தபோது அவன் வாய்விட்டுச் சிரித்தான். பக்கத்து மேசையில் ஒருவர் எழுந்துபோய் அதைப் படம் எடுத்துக்கொண்டார். ஒரே காட்சி, ஒரே மேசை. ஒருவர் சோறு வேண்டாம் என்கிறார், ஒருவன் சிரிக்கிறான். சிறுவன்மீது குறை சொல்ல எதுவும் இல்லை. முழுக் கதையை முன்பே உண்டவருக்குத்தான் சுருக்கம் செரிக்கிறது.

நிகழ்ச்சி முடிந்தபின் துச்சாதனனாக ஆடியவரோடு கொஞ்ச நேரம் பேசினேன். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். தேங்காயெண்ணெய் தடவி முகச் சாயத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். கோயிலில் விடிய விடிய ஆடுவதும் அவர்தான், இங்கே ஒரு மணி நேரம் ஆடுவதும் அவர்தான். இந்த ஒரு மணி நேரம்தான் மாதச் செலவைப் பார்த்துக்கொள்கிறது. அவருக்கு விருப்பம் கல்யாண சௌகந்திகம். அதில் பீமன் காட்டைப் பார்த்து வியக்கும் இடத்தை மட்டுமே நெடுநேரம் ஆடலாம். "ஆனால் விருந்தினருக்கு ரத்தம்தான் பிடிக்கும் என்று நிர்வாகம் சொல்கிறது சார்" என்றார். எந்தப் பகுதியை ஆடுவது என்பதை ஆடுகிறவர் முடிவு செய்யவில்லை. எனக்கு உறுத்தியது நேரக் குறைவு அல்ல, இதுதான்.

சுருக்குவதே பாவம் என்று சொல்ல நான் வரவில்லை. ராசிபுரத்துக்காரர்கள் அப்படிச் சொல்லவும் கூடாது. ஆர்.கே. நாராயண் பெயரில் முதலெழுத்தாக நிற்பது நம் ஊர். அவர் 1972இல் கம்பனை அடியொற்றி இராமாயணத்தையும், 1978இல் மகாபாரதத்தையும் கையடக்கமான ஆங்கில நூல்களாகச் சுருக்கி எழுதினார். கம்பனைக் கேட்டேயிராதவர்களும் அவற்றின் வழியே கம்பனுக்கு வந்தார்கள். ஆனால் எதை விடலாம் என்று முடிவு செய்தவர், கதை முழுவதும் அறிந்த கதைசொல்லி.

இனி நம் வகுப்பறைக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருக்கிறான். பெயர் வேண்டாம். அவன் அப்பா ஒரு கூத்துச் செட்டில் வேடம் கட்டுகிறவர். நம் பகுதியில் இரணியன் கூத்துக்கு எவ்வளவு கூட்டம் சேரும் என்று உங்களுக்குத் தெரியும். அதில் பிரகலாதனாக ஆடுபவன் இந்தப் பையன்தான். தையில் தொடங்கி ஆடிவரை ஆட்டம் இருக்கும். இரவெல்லாம் ஆடிவிட்டு விடியற்காலையில் வேனில் திரும்புவான். வந்தால் வகுப்பில் தூங்குவான், பாதி நாள் வரவும் மாட்டான். ஏழாம் வகுப்பில் 40 நாளுக்கு மேல் விடுப்பு. பதிவேட்டைப் பார்த்தால் இடைநிற்றலின் விளிம்பில் நிற்கும் ஒரு சராசரிப் பெயர். மற்ற பிள்ளைகள் அவனைக் 'கூத்தாடி' என்று கூப்பிடுவார்கள். அவன் சண்டைக்குப் போக மாட்டான். அப்பா என்ன வேலை என்று புது ஆசிரியர் யாராவது கேட்டால் 'கூலி' என்பான்.

கதகளி பார்க்க நான் காரில் எட்டு மணி நேரம் போனேன். என் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு பிரகலாதன் உட்கார்ந்திருக்கிறான். அம்மாதான் இதைக் கேட்டார். "அவ்வளவு தூரம் போய்ப் பாத்தீங்களே, உங்க பள்ளிக்கூடத்துல அந்தச் செட்டுக்காரர் பையன் படிக்கறான்ல, அவங்கள ஒருநா கூப்பிடக் கூடாதா?"

ஜூலையில் தலைமையாசிரியரின் ஒப்புதலோடு அவன் அப்பாவை அழைத்தோம். முதலில் தயங்கினார். "பசங்க சிரிப்பாங்களுங்க சார், எம்பையன் அப்பறம் பள்ளிக்கூடமே வரமாட்டான்" என்றார். அவர் பயம் நியாயமானது. அதனால் அவரை ஆடச் சொல்லவில்லை. அந்த விடுதியில் ஒப்பனையையும் முத்திரையையும் முதலில் காட்டினார்கள் அல்லவா, அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டேன். பெட்டியை மட்டும் கொண்டுவந்து திறந்து காட்டச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல். தகரப் பெட்டியைத் திறந்து கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் மார்ப்பதக்கத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். கண்ணாடித் துண்டுகளும் சரிகைத் தாளும் பதித்தவை. 'தூக்கிப் பார்' என்று ஒரு மாணவியிடம் கிரீடத்தைக் கொடுத்தார். இரும்பைத் தூக்குவதுபோல மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். கை சட்டென்று மேலே போய்விட்டது, அவ்வளவு இலேசு. கல்யாண முருங்கை மரம். அறிவியல் ஆசிரியர் அங்கேயே அடர்த்தியைப் பேச ஆரம்பித்துவிட்டார். அதே அளவுக்கு ஒரு வேப்பங்கட்டை இருந்தால் என்ன ஆகும், இரவு முழுக்கத் தலையில் தாங்க முடியுமா என்று. நாங்கள் திட்டமிடாத பாடம் அது.

பிறகு பையனை முன்னால் அழைத்து, "திரை வருகைன்னா என்னன்னு நீ சொல்லு" என்றார் அப்பா. அவன் சொன்னான். வேடம் எடுத்தவுடன் முகத்தைக் காட்டிவிட மாட்டார்கள். இருவர் திரையைப் பிடிக்க, பின்னாலிருந்து முதலில் சலங்கைச் சத்தம் வரும். அடுத்து பாட்டு, அடுத்து கிரீடத்தின் நுனி. "பாக்கறவங்க கேக்கணும் சார், யாரு வர்றதுன்னு. கேக்கற வரைக்கும் திரைய எடுக்கக் கூடாது." கேரளத்திலும் திரையைத்தான் அப்படிப் பிடித்தார்கள் என்று நான் சொன்னேன். "அங்கயும் கூத்து இருக்குதா சார்?" என்று கேட்டான். கதகளியில் வேடக்காரர் பேசுவதில்லை, பாடுவதில்லை என்றதும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. நம் கூத்தில் ஆடுகிறவரே பாடவும் வேண்டும், வசனமும் பேச வேண்டும், மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். "அப்ப அவங்களுக்கு ஈஸிதானுங்களே" என்றான். வகுப்பே சிரித்தது. அவனைப் பார்த்து அல்ல, அவனோடு சேர்ந்து. பத்து நிமிடம் அவன் தொடர்ந்து பேசியதை அன்றுதான் நாங்கள் கேட்டோம்.

கடைசியில் அவர்களாகவே ஒரு காட்சி ஆடிக் காட்டினார்கள். பிரகலாதனின் பள்ளிக்கூடக் காட்சி. ஆசான் இரணியன் பெயரைச் சொல்லச் சொல்கிறார், பிள்ளை நாராயணன் பெயரைச் சொல்கிறான். கூத்தில் அந்த ஆசானை நன்றாகக் கேலி செய்வார்கள். பிரம்பு, மூக்குக் கண்ணாடி, ஓயாத இருமல். நம் தொழிலைப் பற்றி நாட்டார் கலை என்ன நினைக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் அந்தக் காட்சியை ஒருமுறை பாருங்கள். எங்கள் தலைமையாசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இனிதான் கடினமான பகுதி. கலையைப் போற்றுவது எளிது. 13 வயதுப் பையன் விடியற்காலை வரை விழித்திருப்பதை என்ன செய்வது? குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், 14 வயதுக்கு உட்பட்டவர்கள் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் உதவலாம் என்கிறது. கலைஞராகப் பங்கேற்பதற்கும் விலக்கு உண்டு. இரண்டுக்கும் ஒரே நிபந்தனை, படிப்பு பாதிக்கக் கூடாது. இங்கே படிப்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. 'கலை வளர்க்கிறான்' என்று நாம் கண்ணை மூடிக்கொண்டால் பையனுக்குப் பத்தாம் வகுப்பு போய்விடும். 'கூத்தை விட்டுவிட்டு வா' என்று சொன்னால் அவன் வகுப்பில் முதன்முதலாகப் பெருமையாகப் பேசிய விஷயத்தைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

இரண்டையும் சேர்த்து வைக்க முயன்றவர்கள் இருக்கிறார்கள். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் பி. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னா டி ப்ரூயினும் 2002இல் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்துக் கற்றார்கள். ஆண்களே பெண் வேடம் கட்டிவந்த கலையில் பெண் பிள்ளைகளும் பயின்று ஆடினார்கள். நம் சேலம் பக்கத்தில் ஏர்வாடியிலிருந்து வரும் 'மணல்வீடு' சிற்றிதழ், இந்தப் பகுதிக் கூத்துக் கலைஞர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்திருக்கிறது. பள்ளி நூலகத்துக்கு வாங்கலாம். 'கர்ண மோட்சம்' என்ற குறும்படத்தையும் சொல்ல வேண்டும். எஸ். ராமகிருஷ்ணன் கதை, முரளி மனோகர் இயக்கம், தேசிய விருது பெற்றது. பள்ளியில் ஆடுவதற்காகச் சென்னைக்கு வரும் ஒரு கூத்துக் கலைஞர், அன்று பள்ளி விடுமுறை என்று அறிந்து நிற்பார். ஆசிரியர்கள் பார்க்க வேண்டிய படம்.

நாங்கள் அவன் அப்பாவோடு உட்கார்ந்து பேசினோம். பிரகலாதன் வரும் காட்சிகளை முன்னிரவுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"பிரகலாதன் வர்றதே ராத்திரி ரெண்டு மணிக்கு மேலதானுங்க. அதுக்கு முன்னால இரணியன் யாருன்னு சனத்துக்குத் தெரியோணும். ரெண்டு மணி நேரத்துல முடிக்கச் சொன்னாலும் முடிக்கலாமுங்க சார். ஆனா எத விடறதுன்னு நாங்கதான் சொல்லோணும்."

ஒரு வழி கண்டோம். வெள்ளி, சனி இரவு ஆட்டங்களுக்கு மட்டும் பையன் போவான். மற்ற நாள்களில் செட்டிலேயே பெரியவனான வேறொரு பையன் பிரகலாதன் வேடம் கட்டுவான். பொதுத் திருவிழாக்கள் வரும் மாசி, பங்குனியில் விடுபடும் பாடங்களுக்கு மாலையில் நாங்கள் இருவர் உட்கார்ந்து சொல்லித்தருவோம். எழுதிக் கையெழுத்து வாங்கவில்லை, வாய்ச்சொல்தான். 'பெரிய பையனுக்குப் பிரகலாதன் முகம் இல்லை' என்று ஊர்க்காரர்கள் முன்பணத்தைக் குறைத்தால் இந்த ஏற்பாடு நிற்குமா என்பது தை பிறந்தால்தான் தெரியும்.

இதற்கிடையில் கலைத் திருவிழா வந்தது. 2022 முதல் நம் பள்ளிகளில் நடந்துவருவதை நீங்கள் அறிவீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கூத்து போடுவதென்று முடிவு செய்தார்கள். கிடைப்பதோ சில நிமிடங்கள். மூன்று நாள் மரத்தடியில் உட்கார்ந்து எதை வெட்டுவது என்று சண்டை போட்டார்கள். கோமாளியை வெட்டலாம் என்றாள் ஒருத்தி. இரணியன் தவத்தை வெட்டலாம் என்றான் ஒருவன். அதற்கு இரணியன் கொடியவன் ஆனது எப்படி என்று எவருக்கும் விளங்காதே என்றாள் இன்னொருத்தி. கதையின் காரண காரியத்தை அவர்கள் அப்படி அலசியதை நான் எந்தப் பாடத்திலும் கண்டதில்லை. வரம் வாங்கும் இடத்தை நான்கு வரி வசனமாக ஆக்கினார்கள். திரையை எடுத்துவிட்டால் ஒரு நிமிடம் மிச்சமாகுமே என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"திரைய உட்டா அது கூத்தே இல்லீங்க சார்" என்றான் நம் பையன். யாரும் அவனை மறுக்கவில்லை. என் யோசனை தள்ளுபடி.

பரிசு கிடைக்கவில்லை. வகுப்பில் இப்போது அவனை 'வாத்தியார்' என்று கூப்பிடுகிறார்கள். கூத்துச் செட்டில் மூத்தவரை அப்படித்தான் அழைப்பார்கள் என்று அவனே சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இங்கே வந்திருப்பவர்கள் வெண்ணந்தூர், நாமகிரிப்பேட்டை, மல்லசமுத்திரம் பக்கங்களிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். உங்கள் வருகைப் பதிவேட்டில் தைக்கும் ஆடிக்கும் இடையில் அடிக்கடி விடுப்பு எடுக்கும் பெயர்களை ஒருமுறை பாருங்கள். பெற்றோர் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று இருந்தால் பிள்ளையை அருகில் அழைத்து இன்னொரு முறை கேளுங்கள். மேளம், பொம்மலாட்டம், கூத்து, பம்பை, ஏதோ ஒன்று அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கலாம்.

மற்றொன்று அழைப்பு. தை மாதம் இரண்டாம் சனிக்கிழமை எங்கள் பள்ளிக்கு அடுத்த ஊரில் இரணியன் கூத்து. பையன்தான் பிரகலாதன். ஆட்டம் இரவு பத்து மணிக்குத் தொடங்கும் என்பார்கள், பதினொன்று ஆகிவிடும். வருகிறவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அங்கே சுக்குக் காப்பி மட்டும்தான் கிடைக்கும். பனி இருக்கும், ஆளுக்கொரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். என் அம்மா முன்வரிசையில் பாய் போட்டு இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.